ஹானியா ரானியின் பியானோவை எப்படிக் கேட்பது? கிளாசிக்கலும் ஆம்பியன்டும் சேரும் இசைக்கு ஓர் எளிய அறிமுகம்

போலந்துப் பியானோ கலைஞர் ஹானியா ரானியின் ‘எஸ்யா’ ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் சுரங்களோடு வேறு சில சத்தங்களும் காதில் விழும். பெடலை மிதிக்கும்போது எழும் மெல்லிய ‘தொப்’, அழுந்திய கட்டை மேலே வரும்போது கேட்கும் மர உரசல், உள்ளே இருக்கும் பொறி அசைகிற சலசலப்பு. வழக்கமான பியானோ ஒலிப்பதிவில் இதெல்லாம் கேட்கக்கூடாது என்று மெனக்கெடுவார்கள். இங்கே மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அவற்றையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்கள். அந்தச் சத்தங்கள் ஏன் விட்டுவைக்கப்பட்டன என்பது புரிந்துவிட்டால், இந்த வகை இசையில் பாதி புரிந்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்த இசைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். நியோ கிளாசிக்கல் என்பார்கள், போஸ்ட் கிளாசிக்கல் என்பார்கள், கடைகளும் செயலிகளும் மாடர்ன் கிளாசிக்கல் என்று அடுக்கி வைத்திருக்கும். இசைக்கலைஞர்களில் பலருக்கு இந்தப் பெயர்கள் எதுவுமே பிடிப்பதில்லை. பெயரைப் பற்றி நாமும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மேற்கத்திய செவ்வியல் பயிற்சி பெற்ற ஒருவர், அந்தப் பயிற்சியின் விரல்களோடும் காதோடும், ஆம்பியன்ட் இசையின் பொறுமைக்குள் போய் உட்கார்ந்தால் என்ன வரும்? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அதற்கு ஹானியா ரானியை விட நல்ல உதாரணம் இன்று எனக்குத் தெரியவில்லை.

அவர் 1990-இல் போலந்தின் பால்டிக் கடற்கரை நகரமான க்தான்ஸ்கில் பிறந்தவர். முழுப்பெயர் ஹன்னா ரானிஷெவ்ஸ்கா. சிறு வயதிலிருந்தே முறையாகப் பியானோ கற்று, வார்சாவில் உள்ள ஃப்ரெடெரிக் ஷோபான் இசைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் பெயரில் இருக்கும் கல்லூரியில் பியானோ படிப்பதென்றால் சும்மா இல்லை. உலகமே பார்க்கும் ஷோபான் பியானோ போட்டி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது அதே ஊரில்தான். அந்தச் சூழலில் வளர்பவர்கள் பெரும்பாலும் கச்சேரி மேடையைக் குறிவைத்தே ஓடுவார்கள்.

ரானியின் முதல் ஆல்பம் 2015-இல் வந்தது. பள்ளிக் காலத் தோழியான செல்லோ கலைஞர் தொப்ராவா சோஹெருடன் சேர்ந்து, ரெபுப்ளிகா என்ற போலந்து ராக் குழுவின் தலைவர் க்ஷெகோஷ் சியெஹோவ்ஸ்கியின் பாடல்களைப் பியானோவுக்கும் செல்லோவுக்கும் மாற்றி எழுதிய ஆல்பம் அது. எண்பதுகளின் போலந்து இளைஞர்கள் கத்திப் பாடிய பாட்டுகளை, வார்த்தையை எடுத்துவிட்டு, இரண்டே வாத்தியங்களில் கேட்கும்போது அவை வேறு ஏதோவாக மாறிவிடுகின்றன. அங்கிருந்து 2019-இல் ‘எஸ்யா’. தனிப் பியானோ ஆல்பம். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து பார்த்தால் தெரியும் மலையின் பெயர் அது. மான்செஸ்டரில் உள்ள கோண்ட்வானா ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் அதை வெளியிட்டது. வார்சாவில் அவருடைய வீட்டிலும் ரெய்க்யாவிக்கில் ஒரு ஸ்டூடியோவிலும் பதிவானது. இந்த ‘வீட்டில்’ என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆம்பியன்ட் என்றால் என்ன?

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1978-இல் விமான நிலையங்களுக்கான இசை என்று ஓர் ஆல்பம் போட்டு, அதன் உறைக்குள் சின்ன விளக்கக் குறிப்பு ஒன்றையும் எழுதினார். அந்தக் குறிப்பின் சாரம் இது: இந்த இசையைக் கூர்ந்தும் கேட்கலாம், கண்டுகொள்ளாமலும் இருக்கலாம், இரண்டுக்குமே அது இடம் கொடுக்க வேண்டும். பலரும் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். காதில் விழாமல் ஓடிக்கொண்டிருந்தால் போதும், அதுதான் ஆம்பியன்ட் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கூர்ந்து கேட்டால் ஏமாற்றக் கூடாது என்ற நிபந்தனை அதற்குச் சமமானது. எனக்கு அதுதான் முக்கியமாகவும் படுகிறது.

அந்த ஆல்பத்தில் ஈனோ செய்த வேலை எளிமையானது. மனிதக் குரல்களை ஒவ்வொன்றாக நீண்ட சுரங்களாகப் பதிந்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி டேப் வளையமாக்கி ஓடவிட்டார். ஒரு வளையம் 23½ நொடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்று ஏறத்தாழ 26 நொடிக்கு, மற்றொன்று ஏறத்தாழ 30 நொடிக்கு. நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதால் அவை ஒரே மாதிரி மறுபடி சந்தித்துக்கொள்வது அபூர்வம். சில சமயம் மூன்று சுரம் சேர்ந்து விழும், சில சமயம் நீண்ட மௌனம். யாரும் அடுத்து என்ன என்று தீர்மானிக்கவில்லை, ஆனாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது.

ஈனோவுக்கு அறுபது ஆண்டு முன்பே பாரிஸில் எரிக் சத்தீ என்ற இசையமைப்பாளர் இதே மாதிரி யோசித்திருந்தார். வீட்டில் நாற்காலி, மேசை இருப்பதுபோல் இசையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ‘அறைகலன் இசை’ என்ற எண்ணத்தை 1917 வாக்கில் முன்வைத்தார். 1920-இல் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்க ஏற்பாடு செய்தபோது, பார்வையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒழுங்காக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்தீ சுற்றிவந்து, பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. கச்சேரிப் பழக்கம் அத்தனை ஆழமாக ஊறியிருந்தது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. கச்சேரியில் தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். அது எங்கும் போவதில்லை. அதே நான்கு கம்பி, அதே வரிசை, கச்சேரி முடியும் வரைக்கும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா மட்டும் கேட்கும்போது அதற்குள் எத்தனை சுரம் மினுங்குகிறது என்று கவனித்திருந்தால், ஆம்பியன்ட் இசை எங்கே காதை வைக்கச் சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

திரும்பத் திரும்ப வரும் வரிசை

இனி ரானியின் விரல்களுக்கு வருவோம். அவருடைய இசையைப் புதிதாகக் கேட்பவர்கள் சொல்லும் முதல் குறை, ‘ஒரே வரியையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாரே’ என்பது. உண்மைதான், திரும்பத் திரும்பத்தான் வாசிக்கிறார். அந்தத் திரும்பலுக்குள் என்ன மாறுகிறது என்று கேட்கப் பழகுவதுதான் இங்கே பயிற்சி.

இதன் வேர் 1960-களின் நியூயார்க்கில் இருக்கிறது. மினிமலிசம் என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்த இயக்கத்தில் ஸ்டீவ் ரைஷ் 1967-இல் இரண்டு பியானோவுக்கு ஒரு பயிற்சி மாதிரியான இசையை எழுதினார். பன்னிரண்டு சுரம் கொண்ட ஒரு சின்ன வரிசை, அதில் வருவது ஐந்தே ஐந்து வெவ்வேறு சுரங்கள். இரண்டு பேரும் அதையே சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். அப்புறம் ஒருவர் மட்டும் மயிரிழை அளவு வேகம் கூட்டுகிறார். சிறிது நேரம் எல்லாம் குழம்பிக் கிடக்கும். பிறகு திடீரென்று அவர் சரியாக ஒரு சுரம் முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார், குழப்பம் தெளிந்து புதிய ஒரு மெட்டு கேட்கும். அந்த மெட்டை இருவரில் யாருமே வாசிக்கவில்லை. இரண்டு வரிசைகள் மோதும் இடத்தில் அது தானாகப் பிறக்கிறது.

இன்னொருவர் ஃபிலிப் கிளாஸ். இவருடைய கதையில் நம் பக்கத்து இணைப்பு ஒன்று உண்டு. 1960-களின் நடுவில் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திரைப்பட இசைக்காக ரவி சங்கர் வாசிப்பதை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்குப் புரியும்படி ஸ்வரக் குறியீட்டில் எழுதித் தரும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. அவர் வழக்கப்படி தாளக்கோடுகளைப் போட்டு எழுத, எழுதியது தப்பாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான், இந்திய இசையில் தாளம் சிறு அலகுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சேர்ந்து வளர்வது என்று அவருக்குப் பிடிபட்டது. பிற்பாடு அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது.

ரானி இவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. ‘லெட்டர் டு கிளாஸ்’ என்று தன் இரண்டாம் தனி ஆல்பமான ‘ஹோம்’இல் ஒரு பாட்டுக்குப் பெயரே வைத்திருக்கிறார். ஆனால் நியூயார்க்காரர்களின் கணக்குப்போடும் கண்டிப்பு அவரிடம் கிடையாது. வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் ஒரு குரல் மெதுவாக எழுந்து நிற்கும், இடது கையின் அடிச்சுரம் எதிர்பாராத ஓரிடத்துக்கு நகரும். வலது கை மாறவே இல்லை. ஆனாலும் அதே சுரங்கள் இப்போது வேறு நிறத்தில் ஒலிக்கின்றன.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். இடது கையால் மேசையில் சதுஸ்ரமாக நான்கு நான்காகத் தட்டுங்கள், ஒவ்வொரு நான்கிலும் முதல் தட்டுக்கு மட்டும் அழுத்தம். வலது கையால் அதே வேகத்தில் கண்டமாக ஐந்து ஐந்தாகத் தட்டுங்கள், அங்கேயும் முதல் தட்டுக்கே அழுத்தம். இரண்டு அழுத்தமும் சேர்ந்து விழ இருபது தட்டு ஆகும். இடையில் உள்ள பத்தொன்பது தட்டிலும் கை இரண்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். கொன்னக்கோலோ மிருதங்கமோ கேட்டுப் பழகிய காதுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இதே துரத்தலைச் சுரங்களோடு, தாளத்துக்கு யாரும் கை போடாமல், பெடலை அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கரையவிட்டு வாசித்தால், கேட்பவர் எண்ணுவதை விட்டுவிடுவார். அசைவு மட்டும் மிஞ்சும். ‘எஸ்யா’வில் ‘கிளாஸ்’ என்ற பாட்டையும், ‘ஹோம்’இல் ‘எஃப் மேஜர்’ என்ற பாட்டையும் இந்தக் காதோடு கேளுங்கள். எஃப் மேஜர் பாட்டுக்கு ஐஸ்லாந்தின் திறந்தவெளியில் பியானோவைக் கொண்டுபோய் வைத்து, நடனக் கலைஞர்களோடு ஒரு வீடியோ எடுத்திருக்கிறார்கள். முதல்முறை கேட்பவர்களை அதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

கம்பிக்கும் சுத்தியலுக்கும் நடுவில்

பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எகிறிக் கம்பியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கும். சுத்தியலின் முனையில் இறுக்கி அமுக்கிய கம்பளி இருக்கிறது. அதற்கு ஃபெல்ட் என்று பெயர். 88 கட்டைகளுக்கும் சேர்த்து இருநூறுக்கு மேல் கம்பிகள் உண்டு, ஏனென்றால் நடுவிலும் மேலேயும் உள்ள சுரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பி. கட்டையை விட்டதும் ஒரு தடுப்பான் வந்து கம்பியில் உட்கார்ந்து ஒலியை நிறுத்தும். வலது பெடலை மிதித்தால் எல்லாத் தடுப்பான்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். அப்போது நீங்கள் அடித்த கம்பி மட்டும் ஒலிக்காது. அடிக்காத கம்பிகளும் அதிர்வை வாங்கிக்கொண்டு சன்னமாக ஒலிக்கும். பியானோவுக்குள்ளேயே ஒரு சுருதிப்பெட்டி திறந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆம்பியன்ட் மனம் கொண்ட பியானோக்காரர்கள் இந்தப் பெடலில்தான் குடியிருக்கிறார்கள்.

கச்சேரி அரங்கில் நிற்கும் கிராண்ட் பியானோவை விட்டுவிட்டு, வீடுகளில் சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவுக்கு வாருங்கள். அவற்றில் பலவற்றில் நடுப் பெடல் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் நீளமான ஒரு ஃபெல்ட் துணி இறங்கிவரும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் ராத்திரியில் பயிற்சி செய்யத்தான் அதை வைத்தார்கள். ஒலியின் கூர்மை போய்விடும், உருண்டையாக, மங்கலாக, பக்கத்தில் இருந்து யாரோ தணிந்த குரலில் பேசுவதுபோல் வரும்.

பெர்லினில் வாழும் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம் இப்படித்தான் பக்கத்து வீட்டாருக்காகக் கம்பியில் துணியை வைத்து வாசிக்கப்போய், அந்த ஒலியில் மயங்கி, 2011-இல் ‘ஃபெல்ட்’ என்றே ஓர் ஆல்பம் வெளியிட்டார். துணியால் சுரம் தணிந்துவிட்டதால் மைக்கைக் கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அருகில் போனதும் கட்டையின் கடகடப்பும், மரத்தின் முனகலும், வாசிப்பவரின் மூச்சும்கூட உள்ளே வந்துவிட்டன. தொந்தரவு தவிர்க்கப்போய்ப் பிறந்த ஒலி, அடுத்த பத்தாண்டில் ஒரு வகைமையின் அடையாளமாகவே மாறிவிட்டது.

‘எஸ்யா’வில் கேட்கும் அந்த மர உரசலுக்கு வருவோம். அரங்கில் பதிவான ஷோபான் ஆல்பத்தில் நீங்கள் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கும் பியானோவுக்கும் நடுவில் ஒரு மேடை, ஒரு மரியாதை, ஒரு தூரம் இருக்கும். வீட்டில் நெருக்கமாகப் பதிவான பியானோவில் நீங்கள் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அறையும் வாத்தியமும் உடம்பும் இசையின் பகுதிகளாகிவிடுகின்றன. சுரத்தை எழுதுவதுபோலவே ஒலியின் தன்மையையும் அறையையும் தூரத்தையும் சேர்த்து எழுதுகிறார் என்பதுதான் ரானியைப் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொள்ளும் நூல். ஆம்பியன்ட் அவருக்குக் கற்றுக்கொடுத்தது இது. செவ்வியல் பயிற்சி கொடுத்ததோ இந்த ஒலியை ஒரு பெரிய வடிவத்துக்குள் நகர்த்திக்கொண்டு போகும் தெம்பு.

போலந்தின் பங்கு

இதெல்லாம் நியூயார்க், லண்டன், பெர்லின் கதையாகவே போய்விடக் கூடாது. போலந்துக்கு இதில் சொந்தமான ஒரு பாதை இருக்கிறது.

ஷோபான் 1843-44-இல் ஒரு தாலாட்டு எழுதினார். அதில் இடது கை ஒரே ஒரு சிறு அசைவைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழக் கடைசிவரை அதையே ஆட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை அதன்மேல் ஒரு சின்ன மெட்டை எடுத்து, பின்னிப் பின்னி, பொடிப் பொடியாக்கித் தூவிவிட்டு, மறுபடி எளிமைக்குத் திரும்புகிறது. முடிவுக்குச் சற்று முன்னால் வெளியிலிருந்து வந்ததுபோல் ஒரே ஒரு அயல் சுரம் எட்டிப் பார்க்கும். அத்தனை நேரம் ஆடிய தொட்டில் அங்கே ஒரு நொடி தடுமாறும். ரானியின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவில் 175 ஆண்டு இருப்பதை நம்புவது கஷ்டம்.

அடுத்தவர் இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கி. 1976-இல் அவர் எழுதிய மூன்றாம் சிம்ஃபனி முழுக்க முழுக்க மெதுவானது. மூன்று பகுதிகள், மூன்றிலும் ஒரு பெண்குரல். முதல் பகுதி டபுள் பேஸ்களின் அடியாழத்தில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கும். ஒரு நீண்ட மெட்டை அவை வாசிக்க, அடுத்த தந்திப் பகுதி அதே மெட்டைத் தாமதித்து எடுக்கும், அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. படிப்படியாக இசைக்குழு முழுவதும் அந்த ஒரே மெட்டால் நிரம்பிவிடும். இரண்டாம் பகுதியில் பாடப்படும் வரிகள், ஜாகொப்பானே நகரத்தில் கெஸ்டாப்போ என்ற நாஜி ரகசியப் போலீஸின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் தாய்க்கு எழுதிய வார்த்தைகள். சோதனை இசையின் பக்கம் நின்ற அவான்கார்ட் விமர்சகர்கள் முதலில் இதை ஒதுக்கித் தள்ளினார்கள். பாடகி டான் அப்ஷா பாடி 1992-இல் வந்த பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. செவ்வியல் இசையில் அப்படி ஒரு விற்பனை கனவில்தான் நடக்கும். மெதுவான, திரும்பத் திரும்ப வரும் இசையால் ஒரு துயரத்தை முழுசாகத் தாங்கிப் பிடிக்க முடியும் என்று உலகம் கண்டுகொண்ட சமயம் அது.

மூன்றாவது ஜாஸ். மருத்துவம் படித்துவிட்டுப் பியானோவுக்கு வந்த க்ஷிஷ்தோஃப் கொமெடா, சோஷலிசப் போலந்தில் ஜாஸுக்கு ஒரு தனிக் குரல் கொடுத்தவர். திரையிசையிலும் பெரிய ஆள். 1969-இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். ரானி 2023-இல் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ்’ ஆல்பத்தில் கொமெடாவின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது.

ஆல்பங்களுக்குள்

‘எஸ்யா’ பியானோ மட்டுமே. 2020-இல் வந்த ‘ஹோம்’ கொஞ்சம் கதவைத் திறக்கிறது. ரானி பாடத் தொடங்குகிறார், பேஸும் டிரம்ஸும் வருகின்றன, மின்னணு ஒலிகள் ஓரத்தில் தலைகாட்டுகின்றன. அவர் குரல் பாடகியின் குரலாக முன்னால் வந்து நிற்பதில்லை. பியானோவின் அதே உயரத்தில், அதற்குப் பக்கத்திலேயே நடக்கிறது. 2021-இல் தொப்ராவா சோஹெருடன் மறுபடி சேர்ந்து டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக ஓர் ஆல்பம் செய்தார். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய சொந்த இசை.

எனக்கு மிகவும் பிடித்தது 2023-இன் தொடக்கத்தில் வந்த ‘ஆன் ஜகொமெட்டி’. சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆல்பெர்தோ ஜகொமெட்டியின் குடும்பத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு எழுதியது. ஜகொமெட்டியின் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். குச்சிபோல் மெலிந்து, நீண்டு, நிற்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டுமே மிச்சம் வைத்த மனித உருவங்கள். ரானி இந்த இசைக்காக சுவிஸ் மலைப் பகுதியில் பனிக்காலத்தில் தங்கி எழுதினார். இசையிலும் அதே செதுக்கல் இருக்கிறது. சில பாட்டுகளில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் பெரும்பகுதி. அவசரமாகக் கேட்டால் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஒரு சுரம் அடித்தபின் அது மறைகிற வரைக்கும் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில் சுத்தியலின் தட்டல், அப்புறம் கம்பியின் நிறைவான ஒலி, பிறகு அந்தச் சுரத்துக்குள்ளேயே சன்னமாக ஒலிக்கும் மேல்சுரங்கள் மெல்ல உதிர்ந்து அதன் ஆதாரச் சுரம் மட்டும் மிஞ்சுவது. பியானோ சுரம் என்பது அடித்த கணத்திலிருந்தே தேய்ந்துகொண்டிருக்கும் ஒன்று. மற்ற இசையில் அடுத்த சுரம் வந்து அந்தத் தேய்வை மூடிவிடும். இங்கே மூடாமல் விட்டிருக்கிறார்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘கோஸ்ட்ஸ்’ இதற்கு நேர் எதிர்த் திசை. நீளமானது, பாட்டுகள் அதிகம், மின்னணு வாத்தியங்களான சிந்தசைசர்கள் தாராளம். கனடாவின் பாட்ரிக் வாட்சனும் ஐஸ்லாந்தின் ஓலாவுர் ஆர்னல்ட்ஸும் சேர்ந்திருக்கிறார்கள். பியானோவை மட்டும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இதில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். பழக்கமான பிறகு, டேப்பும் எதிரொலியும் சுற்றும் இந்த ஒலிக்குள் அதே பழைய வலதுகை வரிசைகள் ஓடிக்கொண்டிருப்பது கேட்கும். மேடையில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க விரும்பினால், பாரிஸின் லேஸன்வாலித் மாளிகை வளாகத்தில் செர்க்கிள் குழு படம்பிடித்த அவருடைய கச்சேரி ஒன்று இணையத்தில் இருக்கிறது. சுற்றிலும் விசைப்பலகைகளை வைத்துக்கொண்டு, ஒரு கை பியானோவில் ஓட இன்னொரு கை சிந்தசைசரில் ஒரு திருகை மெதுவாகத் திருப்புகிறது. அப்படி வாசிக்கும்போது எங்கே செவ்வியல் முடிகிறது, எங்கே மின்னணு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

ஒரு நியாயமான புகார்

இந்த வகை இசைமேல் ஒரு கடுமையான விமர்சனம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. செயலிகளில் ‘அமைதியான பியானோ’, ‘படிக்கும்போது’, ‘தூங்கும்போது’ என்று பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் போட்டுக்கொண்டே போனால் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. அதே ஃபெல்ட், அதே மைனர் கார்டு நான்கு, இரண்டரை நிமிடம், முடிந்தது. ஒரு காலத்தில் தேடிக் கண்டுபிடித்த ஒலி, இப்போது தயாராகக் கிடைக்கும் மென்பொருள் ஒலிக்கோப்பாகிவிட்டது. கம்பளித் துணியும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டாம். மரத்தின் முனகலைக்கூட ஒரு பொத்தானில் கூட்டிக் குறைக்கலாம்.

இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே நல்லதையும் மேலோட்டமானதையும் பிரித்துக் கேட்கத் தெரிந்திருப்பது அவசியமாகிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பாட்டின் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, தொடக்கத்தில் இருந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல இசையில் அதே சுரங்களின் பொருள் இதற்குள் மாறியிருக்கும். அடிச்சுரம் நகர்ந்திருக்கும், அழுத்தம் வேறு விரலுக்குப் போயிருக்கும், ஒரு சுரம் காணாமல் போய் அந்த இடம் ஓட்டையாகக் கேட்கும். வெறும் சூழல் நிரப்பியில் நிமிடம் ஒன்றும் நிமிடம் மூன்றும் ஒன்றுதான். ஈனோவின் நிபந்தனையும் அதேதான், கூர்ந்து கேட்டால் ஏதாவது கிடைக்க வேண்டும்.

ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். சத்தமாக வைத்தால் சுரம் முன்னால் வந்து மற்றதை அமுக்கிவிடும். போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், அதில் அடிச்சுரங்களே கேட்காது, அடிச்சுரம் நகர்வதில்தான் பாதி கதை இருக்கிறது. முதலில் ஒரு பாட்டை மட்டும் எடுத்து, ஒருமுறை இடது கையை மட்டும், இன்னொருமுறை பின்னால் தேயும் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ரானி போகும் திசை இந்த வகைமையின் எல்லையை இன்னும் தள்ளிப் போடுகிறது. நார்வே இயக்குநர் யோவாக்கிம் த்ரியரின் ‘சென்டிமென்டல் வேல்யூ’ படத்துக்கு அவர்தான் இசை. 2025 கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ விருது வாங்கிய படம். அதே ஆண்டு ‘நான் ஃபிக்‌ஷன்’ என்ற பெயரில் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக நான்கு பகுதி கொண்ட ஒரு கான்செர்ட்டோவையும் வெளியிட்டார். அதன் தூண்டுதல் யோசிமா ஃபெல்ட்ஷு என்ற சிறுமி. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் இருந்த நாட்களில் பியானோ மேதையாகப் பேசப்பட்டவள். அங்கே மேடையில் வாசித்தாள், சொந்தமாகவும் எழுதினாள். 1943-இல் காசநோயில் இறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் எழுதிய சில இசைப்பக்கங்கள் எப்படியோ தப்பி வந்தன. அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்கித்தான் ரானி தன் கான்செர்ட்டோவுக்குப் போய்ச் சேர்ந்தார். மொட்சார்ட் காலத்திலிருந்து வரும் மிகப் பெரிய, மிக முறையான வடிவங்களில் ஒன்று பியானோ கான்செர்ட்டோ. அப்ரைட் பியானோவில் துணியை இறக்கி வாசித்துப் பழகிய கை அதற்குள் என்ன செய்கிறது என்று கேட்க, ‘எஸ்யா’வும் ‘ஆன் ஜகொமெட்டி’யும் நன்றாகப் பழகிய பிறகு போவது நல்லது.